ஸ்டால் வரிசையில் நிற்பதற்கு முன்

கேள்வி: அமெரிக்காவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். எஃப்-1 எனும் மாணவர் விசா. வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். மகளிர் பொறியாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்குப் போனால் இன்டர்ன்ஷிப் கிடைக்குமா? செலவை எப்படிச் சமாளிப்பது?

பதில்: தாராளமாகப் போங்கள். 1950-இல் தொடங்கிய இந்தச் சங்கத்தின் மாநாட்டுக்கு நிறுவனங்கள் ஆள் எடுக்கவே வருகின்றன. ஆனால் நேர்காணல் நேரங்களில் பல, மாநாட்டுக்கு முன்பே நிரம்பிவிடும். பதிவு செய்தவர்களின் ரெஸ்யூமேக்களைப் பார்த்து முன்கூட்டியே அழைப்பார்கள். அதனால் பதிவு செய்த அன்றே உங்களுடையதை ஏற்றிவிடுங்கள்.

ஒரே பக்கம் போதும். "வெப்பப் பரிமாற்றி ப்ராஜெக்ட் செய்தேன்" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "பாஃபிள் இடைவெளியைக் கூட்டி அழுத்த இழப்பை 18 சதவீதம் குறைத்தேன்" என்பதுபோல், நீங்கள் செய்ததையும் கிடைத்த எண்ணையும் எழுதுங்கள்.

பணத்துக்குத் துறை அலுவலகம், பட்டமேற்படிப்புப் பிரிவின் பயண உதவித்தொகை, வளாகத்திலுள்ள சங்கக் கிளை மூன்றிடமும் கேளுங்கள். பெரும்பாலும் செலவழித்த பிறகே திருப்பித் தருவார்கள். அனுமதிக்கு முன் வாங்கிய டிக்கெட்டை ஏற்காமல் போகலாம். நான்கு பேர் ஒரே அறையில் தங்கினால் ஹோட்டல் பில் ஒருவர் பெயரில்தான் வரும், மற்ற மூவரின் தொகை அங்கேதான் சிக்கும். அறையைக் காலி செய்யும்போதே அவரவர் பெயரில் பிரித்து வாங்கிவிடுங்கள்.

அடுத்தது விசா. இதைத் தெரியாமல் அரைநாளை வரிசையில் தொலைப்பவர்கள் உண்டு. ராணுவத் தளவாடம், ராக்கெட் நிறுவனங்களின் பல வேலைகள் ஐடார் எனும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் (வெளிநாட்டவரிடம் தொழில்நுட்பத் தகவலை அனுமதியின்றிப் பகிர்வதையும் தடுக்கும் விதி) வருவதால், பெரும்பாலும் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையுமே எடுப்பார்கள். முதலில் மற்ற ஸ்டால்களுக்குப் போங்கள். "இப்போதோ பின்னரோ ஸ்பான்சர்ஷிப் தேவையா?" (நிறுவனம் உங்களுக்காக வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா) என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதவே எழுதாதீர்கள். இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடி (படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி), படிப்பு முடிந்ததும் ஓபிடி (படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி) 12 மாதம், அறிவியல், பொறியியல் போன்ற துறைகளுக்கான ஸ்டெம் நீட்டிப்பு 24 மாதம், பிறகு ஸ்பான்சர்ஷிப் வேண்டும் என்று உள்ளபடி சொல்லுங்கள். அந்த நீட்டிப்புக்கு நிறுவனம் இ-வெரிஃபையில் (ஊழியர்களின் வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அரசின் இணைய அமைப்பு) இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால், அதே படிப்பு நிலையில் ஓபிடி கிடையாது.

"ஆன்லைனில் விண்ணப்பியுங்கள்" என்று ஸ்டாலில் சொன்னால் மனம் தளராமல் வேலையின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அன்றிரவே விண்ணப்பித்து, அந்த எண்ணையும் நீங்கள் பேசிய விஷயத்தையும் குறிப்பிட்டு, ஸ்டாலில் உங்களிடம் பேசியவருக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்.