குழாயில் தண்ணீர் இருக்கிறதா? தீக்காப்புத் துறை பற்றிய வாசகர் கேள்விகள்

தீக்காப்புப் பொறியியல் குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை குமரி மாவட்டக் கடிதங்கள். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பிளஸ் டூவுக்குப் பிறகு ஆறு மாத ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ படிப்பை முடித்து, வளைகுடா வேலைக்கு முயன்று வருகிறேன். என்னைத் தீக்காப்புப் பொறியாளர் என்று விண்ணப்பத்தில் குறிப்பிடலாமா? அடுத்து என்ன படிக்க வேண்டும், ஐயா?
– ஓர் இளைஞர், மார்த்தாண்டம்

குறிப்பிட வேண்டாம், தம்பி. உங்கள் படிப்பைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். நம் ஊர் விளம்பரப் பலகைகளில் தீயணைப்பு வீரர், பாதுகாப்பு அலுவலர், தீக்காப்புப் பொறியாளர் என்ற மூன்று வேலைகளும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பற்றிய தீயை அணைத்து ஆட்களை மீட்பவர் முதலாமவர்; அரசுப் பணி என்றால் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி அதற்குப் போக வேண்டும். வேலைத்தலத்தில் வெல்டிங் அனுமதிச் சீட்டைச் சரிபார்ப்பதும், ஆட்களுக்குப் பயிற்சி தருவதும், விபத்துக்கான காரணங்களை முன்கூட்டியே கண்டு நீக்குவதும் இரண்டாமவர் வேலை. உங்கள் படிப்பு அதற்கான முதல் படி. மூன்றாமவர் கணக்குப் போடுகிறவர். எவ்வளவு தீயை எதிர்பார்ப்பது, எத்தனை நிமிடத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் எந்த அழுத்தத்தில் எந்த மூலைக்குப் போய்ச் சேர வேண்டும், புகை தலைக்கு மேல் நிற்கும் நேரத்துக்குள் மாடியிலுள்ள கடைசி ஆளும் படிக்கட்டை அடைவாரா என்று வரைபடத்தை விரித்து வைத்து விடை சொல்ல வேண்டியவர் அவர்.

தீயின் சூட்டில் திறந்து தண்ணீர் தெளிக்கும், கூரையிலுள்ள ஒரு ஸ்பிரிங்ளர் தலையை எடுத்துக்கொள்வோம். அதன் கே எண் 80 என்றால், 1 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் தண்ணீர் தரும். 160 லிட்டர் வேண்டும் என்றால் அழுத்தத்தை இரு மடங்காக்கினால் போதாது. நான்கு மடங்காக்கி 4 பாருக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இந்த ஒரு வரி புரியாதவர் தேர்ந்தெடுத்த பம்ப், கீழ்த்தளத்தில் சீறிப் பாய்ந்து ஏழாம் மாடியில் மூச்சு வாங்கும். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு தலையின் அடியில் தீக்குச்சி காட்டினால் கட்டடம் முழுவதும் மழை கொட்டுவது திரைப்படத்தில்தான். வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தலையும் தனக்குரிய கண்ணாடிக் குமிழ் வெடித்தால் மட்டுமே திறக்கும். சிவப்புக் குமிழ் 68 டிகிரியிலும் பச்சைக் குமிழ் 93 டிகிரியிலும் வெடிக்கும்.

பட்டப் பெயரைப் பற்றிக் கேட்டதால் ஒரு செய்தி. 2017 ஜூன் 14 அன்று லண்டனில் 72 பேர் இறந்த கிரென்ஃபெல் கோபுரத் தீவிபத்தை விசாரித்த ஆணையம், 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை தந்தது. பிரிட்டனில் தகுதி இல்லாதவரும் தம்மைத் தீப் பொறியாளர் என்று அழைத்துக்கொள்ள முடிகிறது என்பதைக் குறையாகக் கண்டு, அந்தத் தொழிலையும் பெயரையும் சட்டத்தால் பாதுகாக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எனவே நாளைக்கு நேர்காணலில் உங்கள் எதிரே இருப்பவர் அந்தப் பெயருக்கு ஆதாரம் கேட்பார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

முறையாகப் படிக்க விரும்பினால், மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் நாக்பூரில் இயங்கும் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியில் தீப் பொறியியல் பட்டப்படிப்பு உண்டு. நமக்குச் சென்னையைவிடக் கொச்சி பக்கம். அங்குள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீப் பொறியியல் பி.டெக். இருக்கிறது. இரண்டுக்கும் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். அந்த வழி அடைபட்டிருந்தால், குழாய் பொருத்தும் நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்பராகச் சேர்ந்து, பகலில் குழாயையும் இரவில் வரைபடத்தையும் படியுங்கள். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி முழுவதும் தீயும் உயிர்ப் பாதுகாப்பும் பற்றியது. அமெரிக்கத் தேசியத் தீக்காப்புச் சங்கத்தின் விதிகளை இணையத்தில் பெயர் பதிந்து இலவசமாகவே படிக்கலாம். ஸ்பிரிங்ளருக்கு 13, அலாரத்துக்கு 72, பராமரிப்புக்கு 25 என்ற எண்களை வளைகுடாவில் யாரும் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அதே சங்கம் நடத்தும் சி.எஃப்.பி.எஸ். என்னும் தீக்காப்பு வல்லுநர் சான்றிதழ் சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் எழுதத்தக்கது. அதையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை, இடையில் என்ன கற்றீர்கள் என்று காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு வணிக வளாகத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். தீயணைப்பு டீசல் பம்பை வாரந்தோறும் அரை மணி நேரம் ஓட்டச் சொல்கிறார்கள். முதலாளி டீசல் கணக்கைக் காட்டிக் கோபப்படுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதாதா?
– நாகர்கோவில்

போதாது. முன்னே சொன்ன 25-ஆம் விதி டீசல் பம்புக்கு வாரம் ஒருமுறை 30 நிமிடம் என்றே சொல்கிறது. என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து, குளிர்நீரும் எண்ணெய் அழுத்தமும் நிலைப்பட்ட பின்புதான் அதன் உண்மையான நிலை தெரியும் என்பது காரணம்.

வளைகுடாவில் நான் வேலை பார்த்த காலத்தில் பதின்மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைச் சோதிக்கப் போயிருந்தேன். பம்ப் அறை தரையில் முகம் பார்க்கலாம் போலத் துடைக்கப்பட்டிருந்தது; மூன்று பம்புகளும் புதுச் சிவப்புச் சாயத்தில் பளபளத்தன; பதிவேட்டில் ஒவ்வொரு வாரமும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் ‘சரி’ என்று எழுதியிருந்தது. மொட்டைமாடியில், தீயணைப்புக் குழாய் மாட்டும் ஹைட்ரண்ட் வால்வைத் திறந்தோம். முதலில் ஒரு பெருமூச்சுப் போலக் காற்று வந்தது, பிறகு துருவேறிய செந்நீர் ஒரு வாளி அளவுக்கு, அதன்பின் ஒன்றுமில்லை. கீழே வந்து பார்த்தால் மின்பம்பின் தேர்வுச்சாவி ‘ஆஃப்’ நிலையில் இருந்தது. எப்போதோ ஒரு கசிவால் ஜாக்கி என்னும் சிறு பம்ப் ஓயாமல் ஓடிச் சத்தமிட்டதால், காவலாளி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறந்திருக்கிறார். டீசல் என்ஜினின் பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூப்பு பூத்து, சாவியைத் திருப்பினால் ஒரு சொடுக்குச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று பம்புகளின் வேலை இதுதான். குழாயில் ஏற்படும் சிறு கசிவை ஈடுகட்டி அழுத்தத்தைக் காப்பது ஜாக்கி. ஒரு தலை வெடித்தோ வால்வு திறந்தோ அழுத்தம் சட்டென இறங்கினால் முதன்மை மின்பம்ப் தானாகக் கிளம்பும். மின்சாரம் இல்லையென்றால் டீசல் கிளம்பும். முதன்மைப் பம்ப் தானாக நிற்கக் கூடாது, ஆள் வந்துதான் நிறுத்த வேண்டும். ஆகவே வாரச் சோதனையில் பொத்தானை அழுத்தி ஓட்டாதீர்கள். பம்புக்கு அழுத்தத்தை உணர்த்தும் சிறு குழாயான உணர்குழாயில் சிறிது தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத்தத்தை இறக்கி, பம்ப் தானே கிளம்புகிறதா, எத்தனை பாரில் கிளம்புகிறது என்று பார்த்து எழுதுங்கள். பதிவேட்டில் ‘சரி’ என்ற சொல்லையே தடை செய்துவிட்டு எண்களை மட்டும் எழுதச் சொன்னால், முதலாளிக்கும் டீசல் எங்கே போகிறது என்று தெரியும்.

மருத்துவமனைத் தீவிபத்துச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இரவுப் பணிக்குப் போகவே மனம் கலங்குகிறது. எழுந்து நடக்க முடியாத நோயாளிகள் இருக்கும் பிரிவில் நாங்கள் என்ன செய்ய முடியும்?
– ஒரு செவிலியர், தக்கலை

உங்கள் கலக்கம் நியாயமானது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் பிடித்த தீ, மேல்மாடிகளில் 90-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது புகைதான். 2024 நவம்பரில் ஜான்சி அரசு மருத்துவக் கல்லூரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவு எரிந்தது. அடுத்த மாதமே, டிசம்பர் 12 இரவில், திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள்; மின்தூக்கிக்குள் சிக்கியவர்களும் அவர்களில் உண்டு.

எல்லோரையும் படிக்கட்டு வழியாகத் தெருவுக்குக் கொண்டுவருவது மருத்துவமனையில் நடக்கிற காரியமில்லை. பொறியாளர்கள் அதற்கு வைத்திருக்கும் வழி, கட்டிலோடு தள்ளிக்கொண்டு அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அப்பாலுள்ள பகுதிக்குப் போவது. அந்தக் கதவு குறிப்பிட்ட நேரம் தீயையும் புகையையும் தடுத்து நிற்கும். அதற்குள் அடுத்த முடிவை எடுக்கலாம். அந்தக் கதவுக்குச் செங்கல்லையோ சக்கர நாற்காலியையோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தால் திட்டம் முழுவதும் பாழ். காற்று வரவில்லை என்று முட்டுக்கொடுக்கிறார்கள், தெரியும். அலாரம் அடித்ததும் தானே விட்டுவிடும் காந்தப் பிடி அந்தக் கதவுகளுக்கு உண்டு; நிர்வாகத்திடம் அதைக் கேளுங்கள்.

இரண்டாவது ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 விழுக்காடு. மூக்குக் குழாயைக் கழற்றிப் போர்வையின் மேல் ஓடவிட்டால் துணிக்குள் அது செறிந்து, சாதாரணமாகப் புகைந்து அணையும் பொறியும் குப்பென்று எரியும். உங்கள் பிரிவுக்கான ஆக்சிஜன் அடைப்பு வால்வு எங்கே இருக்கிறது, அதை மூட யாருக்கு அதிகாரம், மூடினால் எந்த நோயாளிகளுக்குச் சிலிண்டர் வேண்டும் என்ற மூன்றும் இரவுப் பணியில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றிரவு பணி மாறும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

காற்றாலையில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். மேலே தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டியால் எங்களை எட்ட முடியாது என்கிறார்களே?
– ஆரல்வாய்மொழி

எட்டாது. கணவாய்க் காற்று விசிறிவிடும்போது, அவ்வளவு உயரத்தில் எரிவதைக் கீழிருந்து அணைக்க வழியில்லை. விழும் துண்டுகளிலிருந்து ஆட்களை விலக்கி, புல் பற்றாமல் பார்ப்பதே கீழே இருப்பவர்களின் வேலை. கோபுர உச்சியிலுள்ள நாசெல் பெட்டிக்குள் கியர் எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், மின் அலமாரி, சூடேறும் பிரேக் எல்லாம் ஒரு சிறு அறையின் நெருக்கத்தில் இருக்கின்றன. ஆகவே காப்பும் உள்ளேயே இருந்தாக வேண்டும்: மின் அலமாரிக்குள் புகையையும் சூட்டையும் உணர்ந்து தானே தீயணைக்கும் வாயுவையோ ஏரோசால் என்னும் நுண்துகள் புகையையோ விடும் அமைப்பு, ஆட்களுக்குக் கயிற்றில் இறங்கும் கருவி. மேலே எத்தனை பேர் ஏறுகிறீர்களோ அத்தனை பேருக்கும் இறங்க வழி இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் எண்ணுங்கள். உலகக் காற்றாலை நிறுவனங்கள் ஏற்கும் ஜி.டபிள்யூ.ஓ. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் தீ விழிப்புணர்வு ஒரு பாடம். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

கடையில் எட்டு ஆண்டுகளாக ஒரு பவுடர் தீயணைப்பான் இருக்கிறது. முள் பச்சையில் நிற்கிறது. மாற்ற வேண்டுமா?
– குளச்சல்

முள் அழுத்தத்தைத்தான் சொல்லும். உள்ளே பவுடர் கட்டிபட்டிருப்பதைச் சொல்லாது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று அடிவளையத்தை அரித்திருக்கும், கவிழ்த்துப் பாருங்கள். துருச் செதில் உதிர்ந்தால் யோசனையே வேண்டாம், கழித்துவிடுங்கள். இல்லாவிட்டாலும் உரிமம் பெற்றவரிடம் கொடுத்து, உருளையை நீரழுத்தத்தில் சோதித்துப் புதிய பவுடர் நிரப்புங்கள். கார்பன் டை ஆக்சைடு வகைக்கு முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் அறிய வேண்டும்.

எங்கள் கோயிலின் மேற்கூரை 2021-இல் எரிந்தது இன்னும் மனத்தில் இருக்கிறது. மரக் கூரைகளைக் காக்கப் பொறியியலில் வழி உண்டா? இதற்கென்று தனித் துறை இருக்கிறதா?
– ஒரு பொறியியல் மாணவி, மண்டைக்காடு

உண்டு. 2021 ஜூன் 2 அன்று பகவதி அம்மன் கோயிலில் நடந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனையும் இதே மர வேலைப்பாட்டு மரபில் வந்ததுதான். இத்தகைய இடத்தில் புதுக் கட்டட விதியை அப்படியே பொருத்த முடியாது. சுவரில் துளையிட்டுப் பெரிய குழாய் இழுத்தால் காக்க வந்ததையே கெடுத்தவர்களாவோம். எனவே இந்த அறையில் இவ்வளவு தீ, இத்தனை நிமிடத்தில் கண்டுபிடிப்பு, இத்தனை நிமிடத்தில் அணைப்பு என்று இலக்கை வைத்து வடிவமைக்கும் செயல்திறன்வழி வடிவமைப்பைக் கையாள்கிறார்கள். மெல்லிய குழாயில் காற்றை உறிஞ்சிப் புகையின் சாயலை முதலிலேயே பிடிக்கும் கருவியும், குறைந்த தண்ணீரில் மூடுபனி போலத் தெளிக்கும் அமைப்பும் இங்கே பொருந்துபவை. 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்து 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் புதிய மரக்கூரையில் அந்த மூடுபனி அமைப்பைப் பொருத்தியிருக்கிறார்கள்.

ஆனால் அங்கே முதலில் தவறியது தண்ணீரோ குழாயோ அல்ல. கருவி புகையைச் சரியாகவே உணர்ந்தது. காவலர் போய்ப் பார்த்தது பேராலயக் கூரையை அல்ல, பக்கத்துக் கட்டடத்தின் கூரையை. தவறு புரிந்து சரியான இடத்துக்கு ஏறியபோது ஏறக்குறைய அரை மணி நேரம் போயிருந்தது. நீங்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், உங்கள் கல்லூரி அலாரப் பலகையில், அலாரம் எந்தப் பகுதியில் என்று சொல்ல எழுதியிருக்கும் ஒவ்வொரு மண்டலப் பெயரையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டடத்துக்குப் புதிதாக வந்த ஒருவரை அனுப்பி, சரியான கதவை அவர் எத்தனை நிமிடத்தில் அடைகிறார் என்று அளந்து பாருங்கள். கடிகாரமும் வரைபடமும் போதும். முடிவை எனக்கும் எழுதுங்கள்.