சளி மருந்துக்குப் பிறகு வலிப்பு திரும்பினால்

செங்கோட்டை அக்கா, 4:1 கீட்டோ உணவில் (வலிப்பைக் கட்டுப்படுத்தத் தர்ற உணவு; புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம்னா கொழுப்பு 4 கிராம்) மூணு மாசமா வலிப்பில்லாத பையனுக்கு, சளி பிடிச்சதும் திரும்ப வந்துட்டு, சாப்பாடு மாறலைன்னு எழுதியிருக்கீங்க. காய்ச்சலே வலிப்பைக் கிளப்பும். ஆனா முதல்ல இருமல் சிரப்பைப் பாருங்க. 5 மில்லியிலேயே 2, 3 கிராம் சர்க்கரை இருக்கலாம். அவனுக்கு ஒரு வேளை மாவுச்சத்தே சில கிராம்தான். 'சுகர் ஃப்ரீ'யில வர்ற சார்பிட்டால்ங்கிற இனிப்பும் மாவுச்சத்துக் கணக்குல சேரும். மாத்திரையா மாத்தித் தர டாக்டர்கிட்ட கேளுங்க. வலிப்பு மருந்தை மட்டும் நீங்களா கூட்டவோ குறைக்கவோ செய்யாதீங்க.

கிண்ணத்தையும் பாருங்க. அளந்து ஊத்தின தேங்காயெண்ணெய் அடியில பளபளன்னு ஒட்டிக் கிடந்தா, அவன் சாப்பிட்டது 4:1 இல்ல. வழிச்சுக் கொடுங்க.

காலையும் மாலையும் சிறுநீர்ல கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகுறது) காட்டுற பட்டையை நனைச்சுப் பாருங்க, கரும் ஊதா வரணும். ஆஸ்பத்திரியில டிரிப் போட்டா கீட்டோ உணவுன்னு முதல்லயே சொல்லுங்க. ரத்தச் சர்க்கரை இறங்காத வரை குளூக்கோஸ் வேண்டாம். 5 நிமிஷம் தாண்டின வலிப்பு, ஓயாத வாந்தி, மூச்சு வாங்குதுன்னா உடனே கிளம்பிடுங்க.