அத்தையிடம் மட்டும் சொன்னான்

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். ப்ளஸ் டூ படிக்கும் என் அண்ணன் மகன், தனக்குப் பையன்கள் மேல்தான் ஈர்ப்பு என்று என்னிடம் மட்டும் சொன்னான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான் அத்தை" என்று அழுதான். அண்ணனிடம் மறைப்பது தப்பா? கோயம்புத்தூரில் டாக்டரிடம் காட்டினால் மாறிவிடுவானா?

பதில்: டாக்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மாறமாட்டான், இது மாற்றவேண்டிய நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், எல்லை தாண்டிக் கோயம்புத்தூருக்கும் போகாதீர்கள், பாலக்காட்டிலும் போகாதீர்கள். இப்படிச் செய்யும் மருத்துவர் தொழில் ஒழுங்கை மீறுகிறார் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே அறிவித்திருக்கிறது.

அண்ணனிடம் மறைப்பதாக நினைக்காதீர்கள். எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவன்தான் முடிவு செய்யவேண்டும். அவனைக் கேட்காமல் அண்ணியிடம்கூடச் சொல்லவேண்டாம். ஒன்று தெரியுமா, இத்தனை பேர் இருக்கும் குடும்பத்தில் அவன் உங்களைத் தேடி வந்திருக்கிறான். அது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், தன்னை ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது இருந்த, இவனைப் போன்ற இளையவர்களிடம், முந்தைய ஓராண்டில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்கள் 40 சதவீதம் குறைவு. அந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்து, காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வீட்டின் வெறுப்பு எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஒருவர் அம்மாவாகவோ அப்பாவாகவோதான் இருக்கவேண்டும் என்றில்லை. அத்தை போதும்.

பெரிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள், பரீட்சையைப் பற்றி, பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள். இதை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அவனுக்கும் மூச்சுமுட்டும். "இது வயசுக்கோளாறு", "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்ற இரண்டு வார்த்தையும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. கல்யாண வீட்டில் யாராவது இப்படிப்பட்டவர்களைக் கேலி செய்தால், "அதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அவன் காதில் அது விழும். அண்ணன் மனசு எப்படி இருக்கிறது என்பதும் அப்போது உங்களுக்குப் பிடிபடும்.

ரகசியத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, விளையாடப் போவதை விட்டுவிட்டான், "நான் இல்லாட்டா நல்லது" என்கிறான் என்றால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அவன் உயிரைக் காப்பாற்ற இன்னொருவர் துணை வேண்டும் என்று அவனிடமே சொல்லிவிட்டு, நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவனுடைய ஈர்ப்பைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, உயிருக்கு ஆபத்து என்பதைச் சொன்னால் போதும். தோட்டத்துக்கு வாங்கின பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே பூட்டி வைக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்று காரணம் சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கேரள அரசின் சுகாதார உதவி எண்ணான திஷா 1056, இரண்டும் இலவச எண்கள். டெலி மானஸில் தமிழிலேயே பேசலாம். அவன் தயங்கினால், என்ன செய்வதென்று கேட்க நீங்களே முதலில் கூப்பிடுங்கள்.