தேர்தலில் நிற்கும் அத்தனை வேட்பாளருக்கும் வரிசை எண் போட்டால்தான் ஓட்டு செல்லும் என்று சட்டம் வேண்டுமா?

வேண்டாம். 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடும் முறை நல்ல முறை, நம் தொகுதிகளுக்கும் அது வரவேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், கடைசியில் இருப்பவரை வெளியேற்றி, அவர் ஓட்டுகளை அந்தச் சீட்டுகளில் உள்ள அடுத்த எண்ணுக்கு மாற்றிச் சுற்றுச் சுற்றாக எண்ணுவார்கள். ஆனால் கடைசிப் பெயர் வரை எண் போட்டே தீரவேண்டும் என்றால், கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் வெயிலில் வரிசையில் நின்று போடுகிற ஓட்டுதான் முதலில் செல்லாமல் போகும்.

2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 59 வேட்பாளர்கள். ஒரு பேலட் யூனிட்டில் 16 பட்டன். நோட்டாவையும் சேர்த்து 60 ஆனதால் நாலு யூனிட் வைத்தார்கள். சின்னத்தைத் தேடி ஒரு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. முழு வரிசை கட்டாயம் என்றால் அதே ஆள் 59 எண் எழுதவேண்டும். ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது, நடுவில் ஒன்று விடுபடக்கூடாது. முதல் நாலைந்து எண்களை யோசித்துப் போடுவார்கள். அதற்கப்புறம் எந்த எண் வரை வந்தோம் என்பதே மறந்துவிடும். 23 இரண்டு இடத்தில் விழும், 31 எங்கேயும் இருக்காது.

நேரக் கணக்கும் இடிக்கிறது. பெயரைத் தேடி எண் எழுத 5 விநாடி என்று வைத்தாலே ஒருவருக்கு 5 நிமிடம். காலை 7 முதல் மாலை 6 வரை 660 நிமிடம். ஒரு மறைவிடத்தில் 132 பேர்தான் போடமுடியும். ஆயிரம் பேர் உள்ள பூத்துக்கு எட்டு மறைவிடம் தேவை. கார்ப்பரேஷன் ஸ்கூல் வகுப்பறை ஒன்றில் அத்தனைக்கு இடமில்லை. இப்போதுள்ள மெஷின் ஒரே ஒரு தேர்வைத்தான் பதியும் என்பதால் காகிதச் சீட்டுக்கோ புது மெஷினுக்கோ போயாகவேண்டும்.

இவ்வளவும் எதற்கு? அந்தத் தேர்தலில் டி.டி.வி. தினகரன் வாங்கியது 89,013, அதாவது பாதிக்கும் சற்று மேல். விருப்ப வரிசை முறை என்றால் முதல் சுற்றிலேயே முடிந்திருக்கும். 2 முதல் 59 வரையுள்ள எண்களை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். அடுத்தடுத்த சுற்றுக்குப் போனாலும், கடைசி இருவரில் ஒருவருக்கு நீங்கள் போட்ட எண்ணோடு உங்கள் சீட்டின் வேலை முடிந்தது. அதற்குக் கீழே உள்ளவை எண்ணிக்கைக்கே வராது. எண்ணிக்கைக்கு வராத ஒரு 23-க்காக ஒருவருடைய 1-ஐக் கழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆஸ்திரேலியா 1918 முதல் மக்களவையில் இதைக் கட்டாயமாக வைத்திருக்கிறது. 2022-ல் செல்லாத ஓட்டு 5 சதவீதத்துக்கு மேல். வேண்டுமென்றே வெறுமையாகப் போட்டவையும் அதில் உண்டு. ஆனால் வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள் நிறைந்த மேற்கு சிட்னி தொகுதிகளில் விகிதம் அதைவிட நன்றாக ஏறுகிறது. ஒரு காரணம், அதே மாநிலத்தின் சட்டமன்றத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலே செல்லும்; அந்தப் பழக்கத்தில் இங்கேயும் 1-ஓடு நிறுத்திவிடுகிறார்கள். மேலவையான செனட்டில் 1983-ல் ஏறக்குறைய 10 சதவீதம் செல்லாமல் போக, 1984-ல் ஒரு கட்சிக்கு 1 போட்டால் மீதி வரிசையைக் கட்சியே நிரப்பும் என்று மாற்றினார்கள். கட்சிகள் தங்களுக்குள் பேரம் பேசின. 2016-ல் அதையும் எடுக்கவேண்டி வந்தது.

இன்னொரு ஆபத்து, மேலிருந்து கீழே கண்ணைமூடிக்கொண்டு எண் போடுவது. நம் சீட்டில் அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பிறகு மற்ற பதிவுபெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள், ஒவ்வொன்றும் அகரவரிசையில். கட்டாயத்துக்காகப் போடுகிற எண்கள் அந்த வரிசைக்கே லாபம். இல்லையென்றால் தெருமுனை மேசையில் கட்சிக்காரர் கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து எழுதுவார்கள். இரண்டிலும் வாக்காளரின் விருப்பம் இல்லை.

கட்டாயமில்லையென்றால் பலர் 1-ஓடு நிறுத்திவிடுவார்கள், ஜெயிப்பவருக்குப் பாதி ஓட்டு வராது என்று கட்டாயத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இலங்கையில் மூன்று பேர் வரை வரிசைப்படுத்தலாம், கட்டாயமில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலில் முதல்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. வெளியேறியவர்களின் ஓட்டு 33 லட்சத்துக்கு மேல். அதிலிருந்து கடைசி இருவருக்கு வந்து சேர்ந்தது சுமார் 2.73 லட்சம்தான். அநுர குமார திசாநாயக்க ஜெயித்தபோதும் செல்லுபடியான மொத்த ஓட்டில் பாதியை எட்டவில்லை. மக்கள் பழக்கப்படி ஒருவருக்கு மட்டும் குறி போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆனாலும் அதற்கு மருந்து கட்டாயமில்லை. நம் குடியரசுத் தலைவர் தேர்தலில் 1 மட்டும்தான் கட்டாயம், மற்றவை விருப்பம். 1969-ல் வி.வி. கிரி முதல் சுற்றில் 4,01,515 மதிப்பு வாக்குகள் (எம்.பி., எம்.எல்.ஏ. ஓட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு) பெற்று, தேவையான 4,18,169-ஐ அடுத்த விருப்பங்களால் தாண்டி 4,20,077-ல் ஜெயித்தார். அடுத்த விருப்பம் போடுவதால் என்ன பயன் என்று தெரிந்தவர்கள் தாமாகவே போடுகிறார்கள்.

வடசென்னை மக்களவைத் தொகுதியில் 2024-ல் 35 பேர் நின்றார்கள். அங்கே நான் கேட்பது இவ்வளவுதான்: 1 கட்டாயம்; 5 வரை போட இடம்; ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் சின்னம்; சீட்டை அச்சடிக்கும்போதே பெயர் வரிசையைக் கட்டுக்குக் கட்டு சுழற்றுவது. எண்ணும்போது 4 இரண்டு முறை வந்திருந்தால் 3 வரை உள்ளதைச் செல்லுபடியாக எடுக்கவேண்டும், முழுச் சீட்டையும் கழிக்கக் கூடாது. 1 இல்லாவிட்டாலோ, இரண்டு பேருக்கு விழுந்திருந்தாலோ மட்டும்தான் செல்லாது. எந்தச் சுற்றில் எத்தனை ஓட்டு அடுத்த எண் இல்லாமல் நின்றுபோனது என்பதையும் பூத் வாரியாக வெளியிட்டால், அடுத்த தேர்தலுக்கு முன் எந்தத் தெருவில் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது தெரியும்.