அடகுச் சட்டமும் சிலுவையோடு முடிந்ததா?

கேள்வி: பலி, பண்டிகை, உணவுத் தடை எல்லாம் சிலுவையோடு முடிந்தது என்கிறார்கள். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் கடன், அடகு, கூலி பற்றி உள்ள சட்டங்களும் முடிந்துவிட்டனவா? எங்கள் சபை மூப்பர் ஒருவர் வட்டிக்கு விடுகிறார். கேட்டால், 'நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள்' என்கிறார்.

பதில்: அவர் ரோமர் 6:14-ல் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது என்பது மீதிப் பாதி. அதை விட்டுவிட்டு இந்த வசனத்தை வட்டிக் கணக்குக்குக் காவல் வைப்பது பெரிய தவறு.

சடங்குகளைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். கிறிஸ்து ஒரேதரம் தம்மையே பலியிட்டார், இனி காளையும் வெள்ளாட்டுக்கடாவும் தேவையில்லை. எபிரெயர் 9, 10 அதிகாரங்களைப் படியுங்கள், போதும்.

கடன், அடகு, கூலி போன்ற குடிமைச் சட்டங்கள் இஸ்ரவேல் என்ற தேசத்தை நடத்தக் கொடுக்கப்பட்டவை. அந்த அரசு இன்று இல்லை. நாம் நம் நாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை 1 பேதுரு 2:13 சொல்லிவிட்டது. சரி, அப்படியானால் அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா? 1646-ல் இங்கிலாந்தில் சீர்திருத்த சபைப் போதகர்கள் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது: அந்தச் சட்டங்கள் அந்த அரசோடு முடிந்தன, ஆனால் அவற்றுக்குள் இருக்கும் பொதுவான நியாயம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது.

அந்த நியாயம் என்னவென்று உபாகமம் 24-ல் பாருங்கள். மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்கக்கூடாது, அது ஒருவனின் உயிரையே அடகு வாங்குவது. அடகுப் பொருளை எடுக்கக் கடன் வாங்கியவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது. வாசலில் நிற்க வேண்டும், அவனே கொண்டுவந்து தருவான். ஏழை தன் போர்வையை அடகு வைத்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இரவில் அவன் எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான்? கடன் கொடுத்தவனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமை ஏழையின் வாசற்படியைத் தாண்டக்கூடாது என்கிறார் கர்த்தர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அப்போஸ்தலர்களும் இப்படித்தான் படித்தார்கள். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற சட்டத்தை எடுத்து, ஊழியர்களுக்குப் பிழைப்பு கொடுக்க வேண்டும் என்று பவுல் வாதாடுகிறார் (1 கொரிந்தியர் 9:9). கூலியைப் பிடித்து வைக்காதே என்ற சட்டத்தின் குரல்தான் யாக்கோபு 5:4-லும் கேட்கிறது. இரண்டும் சிலுவைக்குப் பின் எழுதப்பட்டவை.

வட்டி எல்லாமே பாவமா என்று அடுத்துக் கேட்பீர்கள். யாத்திராகமம் 22:25 பேசுவது கஷ்டப்படுகிறவனுக்குக் கொடுத்த கடனைப் பற்றி. ஆகவே மூப்பரிடம் இதைக் கேளுங்கள்: கடன் வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார், எதை அடகு வைத்தார்? கடையைப் பெரிதாக்க ஒரு வியாபாரி வாங்கியது என்றால் அது வேறு பேச்சு. பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஒரு தாய் தன் தையல் மெஷினை அடகு வைத்திருக்கிறாள் என்றால், உபாகமம் 24:6-ஐத் திறந்து, சத்தமாக வாசிக்கச் சொல்லி அவர் கையில் கொடுங்கள்.