சிங்கப்பூரில் நடக்கும் எதிர்கால அரசியல் த்ரில்லர் எழுதுகிறேன். கதாநாயகியின் தோழிமேல் பயங்கரவாதச் சந்தேகம். கண்காணிப்பை எப்படிக் காட்டுவது?

கேமராவில் தொடங்காதீர்கள். அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி வாசலில் இருக்கும் போலிஸ் கேமராவைப் பார்த்து இங்கே யாரும் மிரளுவதில்லை; அதன் கீழே நின்றுதான் ஊர்க்கதை பேசுகிறோம்.

கொவிட் காலத்தில் அரசு கொண்டுவந்த டிரேஸ்டுகெதர் கைப்பேசிச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் வந்தபோது கொவிட் தொடர்பைத் தடமறிய மட்டும் என்றார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலிஸும் அந்தத் தரவைப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அடுத்த மாதமே புதுச் சட்டம், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. பயங்கரவாதம் அதில் ஒன்று. செயலி புளூடூத் வழியே பதிந்தது, யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதை. உங்கள் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? இப்படியொரு செயலி கதையில் இருந்தால், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இருவரும் சேர்ந்து தேநீர் குடித்ததே பதிவாகிவிடும்.

அப்புறம், நீதிமன்றக் காட்சியை நம்பாதீர்கள். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றி இரண்டாண்டு வரை தடுத்துவைக்கலாம், நீட்டிக்கவும் செய்யலாம். தோழிக்குச் சாட்சிக்கூண்டே கிடைக்காது.

ஒருவர் தீவிரவாதத்தின் பக்கம் சாய்வதாகத் தெரிந்தால் குடும்பமும் நண்பர்களும் சீக்கிரம் தகவல் சொல்லும்படி அதிகாரிகள் இங்கே அடிக்கடி கேட்டுக்கொள்வார்கள். நானாக இருந்தால் முதல் அத்தியாயத்தை அங்கே வைப்பேன்: கதாநாயகி கைப்பேசியில் எண்ணை அழுத்திவிட்டு, அழைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.