அரியரும் டோபாலஜியும்

அன்புள்ள ஐயா,

அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதலாண்டு எம்.எஸ்ஸி.க்கு நடக்கும் டோபாலஜி (இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத வடிவப் பண்புகளைப் படிக்கும் கணிதம்) வகுப்பில் வந்து உட்காரச் சொல்கிறார் எங்கள் மேடம். வருகைப்பதிவு, தேர்வு எதுவும் கிடையாது. ஆனால் மெய்யெண்களையும் சார்புகளையும் பற்றிய ரியல் அனாலிசிஸ் தாளில் எனக்கு ஒரு அரியர் இருக்கிறது. எல்லாத் தியரத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன், கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டார்கள். முதலில் அதை முடி, அப்புறம் மேலே போகலாம் என்கிறார்கள் தோழிகள். அமெரிக்காவில் இளநிலையில் இருக்கும்போதே முதுநிலைப் பாடம் எடுத்தால் இரண்டு பட்டத்துக்கும் கணக்காகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இங்கே அப்படி உண்டா? ரெஸ்யூமில் போட்டுக்கொள்ளலாமா? நான் அந்த வகுப்புக்குப் போகலாமா?

தே., திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள தே.,

போங்கள். நாளைக்கே போங்கள்.

கணக்காகுமா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் அந்த ஏற்பாடு இருக்கிறது, சில பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து எண்ணுவார்கள். இங்கே 2022இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரே சமயத்தில் இரண்டு படிப்பு படிக்க அனுமதி கொடுத்தது. ஆனால் எம்.எஸ்ஸி.யில் சேர இளநிலைப் பட்டம் முடித்திருக்க வேண்டும் என்ற தகுதி அப்படியேதான் இருக்கிறது. ஆகவே அது உங்களுக்கு உதவாது. அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கும் பாடங்களை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் கிரெடிட் கிடைக்கும். அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ரெஸ்யூமைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த அரியர்தான். அதை நீங்கள் தடையாக எழுதியிருக்கிறீர்கள். நான் சில நாட்களாகவே என் பழைய டோபாலஜி சாரை நினைத்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

1991. தஞ்சைப் பக்கம் ஒரு கல்லூரி. நானும் பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு. மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வகுப்பு முடிந்துவிடும், பஸ் நாலரைக்குத்தான். மாடியில் எம்.எஸ்ஸி. வகுப்பில் ஏழு பேர். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். கீழ் வகுப்புப் பையன் மேல் வகுப்பில் இருப்பதாக யாரோ அலுவலகத்தில் புகார் சொன்னபோது, “பெஞ்சு காலியாத்தானே கிடக்கு” என்று சொல்லி சார் முடித்துவிட்டார். எனக்கு அப்போது பெரிய பெருமை. காம்பாக்ட் என்றால் என்ன? ஒவ்வொரு திறந்த உறைக்கும் முடிவுள்ள ஓர் உள்ளுறை உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வகுப்பில் யாருக்கும் தெரியாத சொல் எனக்குத் தெரியும்.

ஒருநாள் சார் என்னைப் போர்டுக்குக் கூப்பிட்டார். “பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஒன் பை எக்ஸ். தொடர்ச்சியான சார்புதான். ஆனா சீரான தொடர்ச்சி கிடையாது. ஏன்?” இது பி.எஸ்ஸி. கேள்வி. இரண்டாம் ஆண்டில் பத்து மார்க்குக்கு எழுதி, பத்தும் வாங்கிய கேள்வி. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வரி வரவில்லை. ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார் திட்டவில்லை. வளைகோட்டை வரைந்தார். எப்சிலான், அதாவது சார்பின் மதிப்பு எவ்வளவு மாறலாம் என்ற அளவு, இவ்வளவு என்று ஒரு பட்டையின் உயரத்தைக் குறித்தார். வலது பக்கம், ஒன்றுக்கு அருகில், அந்த உயரத்துக்குள் அடங்க டெல்டா, அதாவது எக்ஸ் நகரக்கூடிய தூரம், நான்கு விரல் அகலம் வந்தது. கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தார், இரண்டு விரல். இன்னும் நகர்ந்தார், ஒரு விரல். கோடு செங்குத்தாக ஏறும் இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, “இதுக்கு மேல வரைய முடியாது, சாக்பீஸ் தடிமனா இருக்கு” என்றார். எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே டெல்டா கிடையாது. அவ்வளவுதான் விஷயம். பத்து மார்க் வாங்கிய எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது கவனமாகப் படியுங்கள். ஒரு புள்ளிக்கு ஒரு டெல்டா என்று எடுத்தால் எண்ணற்ற டெல்டாக்கள் வரும். எண்ணற்றவற்றில் ‘இருப்பதிலேயே சிறியது’ என்று ஒன்று இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பூஜ்யத்தை நோக்கிச் சரிந்துகொண்டே போகலாம். ஆனால் முடிவுள்ள எண்ணிக்கையில் ஒரு சில டெல்டாக்களே போதும் என்று ஆகிவிட்டால்? அவற்றில் சிறியதை எடுத்துக்கொண்டால் எல்லா இடத்துக்கும் அதுவே போதும். எண்ணற்றதை ஒரு சிலதாகக் குறைத்துக் கொடுப்பதுதான் காம்பாக்ட் என்ற அந்தச் சொல். மூடிய, வரம்புள்ள இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு எப்போதும் சீரான தொடர்ச்சியோடு இருக்கும் என்று உங்கள் பி.எஸ்ஸி. புத்தகத்தில் ஒரு தியரம் இருக்கிறதே, அதை நிறுவும்போது உள்ளே வேலை செய்வது இதுதான். நீங்கள் அரியர் வைத்திருக்கும் தாளும் மேடம் கூப்பிடும் வகுப்பும் இரண்டு வேறு பாடங்கள் என்று யார் சொன்னது?

அதனால்தான் தோழிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கீழ்ப்படியை முழுக்க முடித்துவிட்டு மேல்படிக்குப் போவது ஒழுங்குபோலத் தெரியும். ஆனால் இரண்டு வருடம் கழித்து நீங்கள் டோபாலஜி படிக்கும்போது ரியல் அனாலிசிஸ் காய்ந்து கெட்டியாகியிருக்கும். அப்போது அதைத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. இப்போதுதான் ஈரமாக இருக்கிறது. தெரியாதது எது என்று இப்போதுதான் உங்களுக்கு வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. “கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்னம்மா இது? கேள்வி என்றால் மாறத்தான் செய்யும். தியரத்தை கைடில் இருந்து மனப்பாடம் செய்தால் அது உங்களிடம் இருப்பதாக அர்த்தமில்லை. கேள்வித்தாள் அமைத்தவர் உங்களுக்கு அநியாயம் செய்யவில்லை. அந்தத் தாளில் உங்களுக்கு நேர்மையாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். இதே பழக்கத்தோடு மாடி வகுப்புக்கும் போனால், அங்கேயும் நான் செய்ததைப் போல அழகான சொற்களைப் பொறுக்கிக்கொண்டு வருவீர்கள். தேர்வு இல்லாத வகுப்பில் இந்த ஆபத்து இரண்டு மடங்கு. புரிந்துவிட்டது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம், மறுக்க ஆள் இருக்காது.

என் சார் அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஒரு நிபந்தனை போட்டார். தொடர்ந்து வரலாம், ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பி.எஸ்ஸி. பாடத்தில் இருந்து ஐந்து கணக்கு போட்டுக் கொண்டுவர வேண்டும். எம்.எஸ்ஸி. கணக்கு வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். இருபது வெள்ளிக்கிழமைக்கு மேல் கொடுத்திருப்பேன். ‘ஆகவே’ என்று நான் எழுதிய இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் ‘எப்படி?’ என்று எழுதித் திருப்பித் தருவார். நான் கணிதத்தில் தொடரவில்லை, அந்த வருடமே அப்பா போய்விட்டார், வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் மேடமிடமும் அதே நிபந்தனையைக் கேளுங்கள். அவருக்கு நேரம் இருக்காது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கூப்பிட்டவர் அவர். எம்.டி.டி.எஸ். என்று ஒரு கோடைக்காலக் கணிதப் பயிற்சி 1993 முதல் நடக்கிறது, பேராசிரியர் குமரேசன் தொடங்கியது. அங்கே கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் பாடம் நகரும். அதற்கும் விண்ணப்பித்துப் பாருங்கள். ஐஐடிகளில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் தேர்விலும் இந்த பி.எஸ்ஸி. அனாலிசிஸையும் அல்ஜீப்ராவையும் கேட்கிறார்கள்.

அடுத்த கடிதத்தில் ரெஸ்யூம் வேண்டாம். பத்தில் ஒன்றிலிருந்து ஒன்று வரை, இரு முனைகளும் சேர்த்து, அதே ஒன் பை எக்ஸ். எப்சிலான் கொடுத்தால் அங்கே எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே டெல்டா எது? காகிதத்தில் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கள். ‘ஆகவே’ வரும் இடங்களை நான் பார்ப்பேன்.